கழிப்பறை இருந்தது என்று சொன்னேன்

அண்ணனுடைய இடது சிறுநீரகம் என் வலது அடிவயிற்றில் இருக்கிறது. பாவாடை நாடாவுக்குச் சற்றுக் கீழே, மூடிய கைமுட்டி அளவுக்கு ஒரு மேடு. கையை வைத்தால் தெரியும். பேருந்தில் கூட்டம் நெருக்கும்போது என் கை தானாக அங்கே போய் நின்றுகொள்கிறது, யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்திருப்பதுபோல. பார்ப்பவர்கள் வயிற்றுவலி என்று நினைத்து இடம் தருவார்கள். நான் உட்கார்ந்துகொள்வேன்.

உடம்புக்கு உறவுமுறை தெரியாது. அண்ணன் ஆனாலும் அதற்கு அந்நியன்தான். வந்தவனை அடையாளம் கண்டால் அடித்து விரட்டிவிடும். ஆகவே காலை ஒன்பது மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் மூன்று விதமான மாத்திரைகளைப் போட்டு உடம்பின் காவலைத் தூங்க வைக்க வேண்டும். முழுத் தூக்கமும் கூடாது, முழு விழிப்பும் கூடாது. ஒரு கண் மூடி ஒரு கண் திறந்து, சாய்ந்து உட்கார்ந்திருக்கும் காவல்காரனாக அது இருக்க வேண்டும். அந்தச் சாய்வைக் கெடுக்காமல் வாழ்வதுதான் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் வேலையானது. கல்யாணம் வேண்டாம், கருமாதி வேண்டாம், கோயில் கூட்டம் வேண்டாம், பூ வேண்டாம், தெருவில் அறுத்து விற்கும் பழம் வேண்டாம். வீட்டுக்கு ஆள் வந்தால் முகக்கவசம். முதலில் வந்தார்கள். ராயபுரத்தில் நான் இருப்பது இரண்டாவது மாடி, பின்பக்கத்து ஒற்றை அறை. படியேறி வந்து, முகத்தைக் கட்டிக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து, காப்பியும் குடிக்க முடியாமல் எத்தனை தடவை வருவார்கள்? நான் வேலை பார்க்கும், துறைமுகச் சரக்குகளை விடுவிக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு ஜன்னலோரம் தனி மேஜை போட்டுக் கொடுத்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். அந்த மேஜையிலிருந்து பார்த்தால் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பது தெரியும். நாள் முழுக்க நானும் அவையும் நகராமல் நிற்போம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காலை இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சிறுநீரகம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு நர்ஸ் கேள்விகள் கேட்டாள். கையில் நீளமான படிவம். மேஜைக்கு இந்தப் பக்கம் நானும் அண்ணனும். எங்களுக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து பேர், எல்லோருக்கும் காது இருந்தது. மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா, காசநோய் உண்டா, நாய் கடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், தலை நிமிராமல், சின்ன வயதில் திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடத்தில் இருந்தீர்களா, வெறுங்காலோடு நடந்தீர்களா என்று கேட்டாள்.

நான் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவள். ஆற்று முகத்துக்கு வடக்கே ஒரு துண்டுக் கரை பெண்களுக்கு, தெற்கே ஒரு துண்டு ஆண்களுக்கு. விடியும் முன் அம்மா எழுப்பி, ஒரு கையில் என்னையும் ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பையும் பிடித்துக்கொண்டு போவாள். அண்ணன் தனியாகப் போகிற வயது வரும்வரை அவனும் எங்களோடுதான் வந்தான். ஈர மணல் கணுக்கால் வரை குளிரும். பதினேழாவது வயதில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதிக்குப் படிக்கப் போனேன். கதவு வைத்த கழிப்பறைக்குள் முதன்முதலில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட அன்றைக்கு உள்ளேயே வெகுநேரம் நின்றேன். அதற்குப் பிறகு கரையைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. பேச்சையும் மாற்றிக்கொண்டேன். அலுவலகத்தில் என்னைத் திருச்சிப் பக்கம் என்று நினைத்தவர்கள் உண்டு. நான் திருத்தவில்லை.

"இல்லை. வீட்டிலேயே கழிப்பறை இருந்தது" என்றேன்.

நர்ஸ் கோடு போட்டாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். அரை நொடிதான் இருக்கும். பிறகு சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தபடி, "தங்கச்சி சொன்னதுதான்" என்றான். அங்கேயும் ஒரு கோடு விழுந்தது. கேள்வி அடுத்ததற்குப் போனது.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. அண்ணன் மூன்று மாதத்தில் ஃபைபர் படகில் ஏறிவிட்டான். இறாலுக்கும் நண்டுக்கும் ஆற்றுக்குள் போய்வந்தான், ஆழத்துக்கு மட்டும் போகவில்லை. நான் பல வருடங்களுக்குப் பிறகு வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன். டயாலிசிஸ் காலத்தில் ஒரு டம்ளரை நாள் முழுக்க அளந்து குடித்தவளுக்கு, குழாயடியில் நின்று செம்பு செம்பாகக் குடிப்பது என்பது என்னவென்று சொல்லித் தெரியாது.

ஏழெட்டு மாதம் கழித்துத் தொடையில் ஒரு கோடு வந்தது. சிவப்பாக, நூல் தடிமனில், தாங்க முடியாத அரிப்போடு. கொசு என்று விட்டேன். ஆனால் கோடு நின்ற இடத்தில் நிற்கவில்லை. அலுவலகக் கழிப்பறையில் பால்பாயிண்ட் பேனாவால் அதன் நுனியில் ஒரு புள்ளி வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தால் புள்ளியைத் தாண்டி இரண்டு விரல்கடை போயிருந்தது. மறுநாள் கோடே இல்லை. இல்லாத ஒன்றை டாக்டரிடம் எப்படிக் காட்டுவது? சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தது, நடந்தது, மறைந்தது. எனக்கு ஒரு நடமாட்டம் துணைக்கு இருப்பதுபோலக்கூட ஒருநாள் தோன்றியது. அப்படி ஒரு தனிமை.

பிறகு மேல்வயிற்றில் எரிச்சல், பிறகு இருமல், பிறகு இழுப்பு. வடசென்னையில் இழுப்புக்கு யாரும் காரணம் தேடுவதில்லை. சாம்பல் காற்று, லாரிப் புகை, உரக்கம்பெனி வாடை என்று கையில் ஆயத்தமாக மூன்று காரணங்கள் இருக்கும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஐந்து நாளைக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு. நான் ஏற்கெனவே சாப்பிடும் மூன்றில் ஒன்றும் அதே இனம்தான். அதை அங்கே நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இரண்டே நாளில் மூச்சு திறந்துகொண்டது. பசித்தது. ஐந்து நாள் முடிந்ததும் இழுப்பு திரும்பியது. மருந்துக்கடைப் பையன் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு இன்னொரு அட்டை கொடுத்தான். அப்புறம் சீட்டும் தேவைப்படவில்லை. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் அந்த மாத்திரையை உப்பு, புளி மாதிரி வாங்கிப் போவார்கள். நானும் வாங்கினேன். கண்ணாடியில் முகம் வட்டமாகிக்கொண்டே வந்தது. உடம்பு தேறிவிட்டதே என்றார்கள் அலுவலகத்தில்.

ஒரு வியாழக்கிழமை சளியில் ரத்தம் வந்தது. அன்று மாலையே காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்.

நாலாம் நாள் டாக்டரம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தபோது அதில் ஏதோ நெளிந்ததாம். மலத்தையும் சோதித்துவிட்டார்கள். குடலில் வாழும் ஒரு புழு, முடியைவிட மெல்லியது. மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக உள்ளே போகும். நுரையீரலைச் சுற்றிக் குடலுக்குள் வந்து உட்காரும். மற்றப் புழுக்கள் வயதாகிச் செத்துவிடும். இது மட்டும் உள்ளேயே குஞ்சு பொரித்து, குஞ்சுகளில் சில குடல் சுவரைத் துளைத்து, மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வரும். முப்பது நாற்பது வருடம்கூட இப்படி ஓடும் என்றார். நல்ல உடம்பில் காவல் விழித்திருப்பதால் பத்து வந்தால் ஒன்பதைத் தடுத்துவிடும். புழுவும் சாவதில்லை, ஆளும் சாவதில்லை. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் காலம் தள்ளும் இரண்டு குடித்தனங்கள் மாதிரி.

மாத்திரை அந்தக் காவலைத் தூங்க வைத்தது. ஸ்டீராய்டு அதற்கும் மேலே ஒன்று செய்யும், புழுவையே வேகமாக வளரச் சொல்லித் தூண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள் என்றார். பத்துக்குப் பத்தும் சுவரைத் துளைத்தன. போகும்போது குடலின் கிருமிகளையும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போயின. இழுப்பு என்று நான் நினைத்தது அவை நுரையீரலைக் கடந்துபோன சத்தம். அதற்கு நான் போட்டதோ, அவற்றுக்குத் தீனி.

"பூச்சி இருந்தா ரத்தத்துல ஒரு வகை அணு ஏறும். அதான் எங்களுக்கு அலாரம். உங்களுக்கு அது ஏறவே இல்ல. மாத்திரை அந்த ஒயரையும் கட் பண்ணிடுச்சு" என்றார்.

பிறகு அதே கேள்வியைக் கேட்டார். வெறுங்கால், மண், கழிப்பறை இல்லாத இடம். இந்த முறை வரிசையில் யாரும் இல்லை, திரை போட்டிருந்தது. ஆமாம் என்றேன். பதினேழு வயதுவரை என்றேன். படிவத்தில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு நாள் மாத்திரையோட முடிஞ்சிருக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

எழுந்து நின்றபடியே மிச்சத்தையும் சொன்னார். பூச்சியைக் கொல்ல மாத்திரை இருக்கிறது, தினமும் தருவார்கள். ஆனால் என் உடம்பும் கைகொடுக்க வேண்டும், ஆகவே காவலைத் தூங்க வைக்கும் மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தி, இன்னொன்றைப் பாதியாக்கி, ஸ்டீராய்டையும் குறைத்தாக வேண்டும். காவல் விழிக்கும். விழித்ததும் அது பூச்சியை மட்டும் பார்க்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எதிரே கைமுட்டி அளவுக்கு உட்கார்ந்திருக்கும் அந்நியனையும் பார்க்கும். சிறுநீரகம் போனாலும் போகலாம், நீங்கள் இருக்க வேண்டும் இல்லையா என்றார். கையெழுத்துப் போட்டேன். போடும்போது இடது கை அடிவயிற்றில் இருந்தது.

இன்னொரு விஷயமும் இருந்தது. கொடுத்தவர் உடம்பில் பூச்சி இருந்தால் அது சிறுநீரகத்தோடேயே வந்திருக்கவும் கூடும். அண்ணனும் மலம் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

கட்டிலில் இருந்தபடியே ஃபோன் செய்தேன். அண்ணி எடுத்தாள். விஷயம் எனக்கு முன்பே குப்பத்துக்குப் போய்விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலை பார்க்கும் பெண் ஒருத்தி எங்கள் குப்பத்துக்காரி.

"இங்க இன்னா பேசிக்கினு கீறாங்க தெர்மா?" என்றாள் அண்ணி. "பூச்சி புடிச்ச கிட்னிய தங்கச்சி தலையில கட்டிட்டானாம். அறுத்துக் குடுத்தவரு மேலயே பயி. இப்ப பீ வேற எடுத்தாரணுமா அவுரு?"

அவளாகவே ஃபோனை வைத்தாள். அதன்பின் மூன்று நாள் அந்த எண்ணிலிருந்து எதுவும் வரவில்லை. அதற்குள் என்னை வார்டிலிருந்து தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். காலையில் ரத்தம் எடுத்துப் போவார்கள், பகலில் கிரியாட்டினின் கணக்கு வரும், சிறுநீரகம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. முதல் நாள் கொஞ்சம் ஏறியது. இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம். நான் அந்த மேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். அதோடு பேசவும் செய்தேன். போய்விடாதே என்று சொன்னேனா, மன்னித்துக்கொள் என்று சொன்னேனா, இப்போது நினைவில்லை. இரண்டுக்கும் ஒரே குரல்தான்.

நாலாம் நாள் காலை அண்ணன் வந்தான். ஒரு தோளில் துண்டு, ஒரு கையில் தெர்மகோல் பெட்டி. நேரே லேபுக்குப் போயிருக்கிறான். பெட்டியைத் திறந்தால் உடைத்த ஐஸ். ஐஸுக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் செய்தித்தாள், செய்தித்தாளுக்குள், துடைக்கிற பெண்ணிடம் லேபில் கொடுத்தனுப்பிய டப்பா. குப்பத்திலிருந்து பட்டணத்துக்கு எது வந்தாலும் ஐஸில்தான் வரும், அதுதான் அவனுக்குத் தெரிந்த மரியாதை. லேபில் இருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் என் அறைவரை அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இது மீன் இல்லை அண்ணே, ஐஸ் பட்டால் பூச்சி செத்துவிடும், உயிரோடு இருந்தால்தான் தட்டில் விட்டுப் பார்க்க முடியும் என்று அவர் சொல்ல, அண்ணன் கதவருகில் நின்றபடி, "உசுரோட வோணும்னா மொதல்லயே சொல்றதில்ல? நண்டு உசுரோட வோணும்னா நான் ஐஸா போடுவேன்?" என்றான்.

நான் சிரித்தேன். இருமல் வந்தது. அவன் சிரிக்கவில்லை. மறுபடி கொடுக்கும்வரை இருக்க வேண்டுமாம், அதுவரை இங்கே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு லேப்காரர் போனார். அவன் தள்ளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. வாழைப்பழம் கொடுத்தார்கள், தின்றான். நான் கிரியாட்டினின் கணக்கைச் சொன்னேன், தலையாட்டினான். அண்ணி கோபமாக இருக்கிறாளா என்றேன். அவளுக்கு எப்பவும்தான் என்றான். பூச்சி உன்னிடமிருந்து வந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை அண்ணே என்றேன்.

"பூச்சி என்னுதாவே இருந்துட்டுப் போவுது. அது இல்லம்மே எனக்கு பேஜாரு" என்றான். கொஞ்சநேரம் துண்டு முனையை முறுக்கினான். "அன்னிக்கி அந்த நர்சம்மா கேட்டப்ப வூட்ல கக்கூஸ் இருந்துச்சின்ன பாரு. என்னியும் சேத்து நீயே சொல்லிட்ட. நம்ம அம்மா கைய புடிச்சி இட்டுகினு போன கரை அது. வவுத்த அறுத்துக் குடுக்க வந்து குந்திகினு கீறேன், நீ அத்த இல்லன்ற. நான் குடுத்ததும் நாளைக்கு இல்லன்னுதான சொல்லுவ?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. விடுதியில் முதல் வருடம் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள், மீன் வாடை என்று மூக்கை மூடிக்கொண்டு பக்கத்துக் கட்டிலை மாற்றிக் கேட்டவள், எல்லாம் இருந்தது. அதில் எதுவும் அவனுக்குச் சொல்லத்தக்கதாக இல்லை. அவனுக்கு அந்த வாடைதான் உடம்பு. தப்புதான் அண்ணே என்றேன். கேட்டதா என்று தெரியவில்லை. எழுந்து, எங்க போவணும் என்று வெளியே போய் நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

லேபில் கொடுத்துவிட்டு அப்படியே போய்விட்டான், அறைக்குத் திரும்ப வரவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா தன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். வட்டமான தட்டு, பழுப்புநிறக் கூழ்மாதிரி ஒரு பரப்பு. பூச்சி அதன்மேல் ஊர்ந்து போகும், போன வழியெல்லாம் கிருமிகளைச் சிந்திவிட்டுப் போகும், அவை வளர்ந்து தடம் தெரியும். வளைந்து வளைந்து, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போன தடங்கள். காலையில் நண்டுகள் நடந்த கரை அப்படித்தான் இருக்கும். இது உங்களுடையது என்றார். அடுத்த படத்தைத் தள்ளினார். அதிலும் தடங்கள், குறைவாக, இரண்டோ மூன்றோ. இது உங்கள் அண்ணனுடையது. அவர் உடம்பு பிடித்து வைத்திருக்கிறது, அவருக்கு ஒன்றும் செய்யாது, ஆனாலும் மாத்திரை போட்டுவிட வேண்டும் என்றார். யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவருடையதாகவும் இருக்கலாம், உங்களுக்குள்ளேயே முப்பது வருடமாக இருந்ததாகவும் இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே மண்ணில்தானே நடந்தீர்கள்.

மூன்றாம் வாரம் சளி சுத்தமானது. அதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை கிரியாட்டினின் மிக உயரம் போய், டயாலிசிஸ் இயந்திரத்தை அறைவாசல்வரை கொண்டுவந்து நிறுத்திவைத்திருந்தார்கள். புதனன்று அது அங்கேயே நின்றது. வியாழனன்று எண் கொஞ்சம் இறங்கியது. பிறகு இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. ஒரு பகுதி போய்விட்டது, மிச்சம் ஓடும், எத்தனை நாள் என்று கேட்காதீர்கள் என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு அனுப்பினார்கள். வெறுங்காலோடு மண்ணில் கால் வைக்கக் கூடாது, எப்போதும் மூடிய ஷூ என்று சீட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

அண்ணனுக்கான மாத்திரை என் கைப்பையில் இருந்தது. இரண்டே இரண்டு, இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. ஃபோனை அவன் எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர், அங்கிருந்து இன்னொன்றில் முகத்துவாரக்குப்பம். பல வருடத்துக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் அந்தத் தெருவில் இறங்கினேன்.

தார்ச்சாலை முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. மணலில் படகுகள், படகுகளுக்கு இடையில் வலைகள். செருப்போடு யாரும் அங்கே போகமாட்டார்கள். படகு கிடக்கும் இடத்தில் செருப்பு மிதிபடக் கூடாது, சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஷூவைக் கழற்றினால் டாக்டர் சொன்னதை மீறியதாகும், கழற்றாமல் இறங்கினால் அவனை மறுபடி ஒருமுறை இல்லையென்று சொன்னதாகும். தார் விளிம்பில் நின்றேன். அவன் முப்பதடி தள்ளி வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு ஒரு முடிச்சை முடித்தான். பிறகு இன்னொன்று. வெயில் தலையில் இறங்கியது. அண்ணி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அண்ணே என்று கூப்பிட்டேன். எழுந்து வந்தான். மணலில் அவனும் தாரில் நானுமாக நின்றோம். அட்டையை நீட்டினேன். எப்படிச் சாப்பிடணும் என்று கேட்டான், சொன்னேன். ஒன்றைப் பிதுக்கித் தண்ணீர் இல்லாமலே விழுங்கினான்.

"உனக்கும் கீதாம் அண்ணே. எனக்கும் கீதாம். யாருதுன்னு சொல்ல முடியாதாம்" என்றேன். என் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்து முப்பது வருடம் இருக்கும். நடிக்கிறேன் என்று நினைப்பானோ என்று கூச்சமாகவும் இருந்தது.

அவன் என் அடிவயிற்றைப் பார்த்தான். நேராக, தன் பொருளைப் பார்ப்பதுபோல.

"அது எப்டி கீது?"

"ஓடுது. முன்ன மாரி இல்ல."

"எம்மா நாளு ஓடுமாம்?"

"கேக்கக்கூடாதுன்னுட்டாங்க."

கடலைப் பார்த்துக்கொண்டே நின்றான். "இன்னொண்ணு என்னாண்ட கீது" என்றான். "ஆனா அத்த மட்டும் கேட்றாத."

இருவரும் சிரித்தோமா என்றால், அவன் வாய் கொஞ்சம் கோணியது, நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். வூட்டுக்கு வா என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்த்து நிற்கவில்லை. அவன் திரும்பி வலைக்கு நடந்தான். அவன் காலடிகள் ஒவ்வொன்றாக மணலில் பதிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆட்டோவுக்கு வந்தேன்.

மறுநாள் இரண்டாவது மாத்திரையைப் போட்டானா என்று கேட்கப் பத்து மணிக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. பதினொன்றுக்கும் எடுக்கவில்லை. மதியம், லாரிகளைப் பார்த்துக்கொண்டு தனி மேஜையில் தயிர்சாதம் சாப்பிடும்போது, அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. படகின் விளிம்பில் வைத்து எடுத்த வெறும் மாத்திரை அட்டை, இரண்டு குழிகளும் பிதுங்கிக் காலியாக. எழுத்து ஒன்றும் இல்லை. சரி அண்ணே என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான நீலக் கோடு உடனே விழுந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.